கீபோர்டு வைத்துப் போட்டால் அது வள்ளி திருமணமா?

ஒத்தக்கடையான்:
மதுரையில் அரங்கத்துக்குள் போட்ட வள்ளி திருமணத்தைப் பார்த்துவிட்டு, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகத்தை அப்படியே பார்த்தோம் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். எரிச்சலாக வருகிறது. நானும் போயிருந்தேன். ஆர்மோனியம் இருக்க வேண்டிய இடத்தில் கீபோர்டு! அப்புறம் எங்கே அப்படியே?

வைகைக்கரை:
எழுதியது நான்தான். பாட்டெல்லாம் சுவாமிகள் பாட்டு. நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது கூட்டம் அசையவில்லை. நீங்கள் வாத்தியப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் நாடகம் எப்படித் தெரியும்?

ஒத்தக்கடையான்:
இந்த மாதிரி ஸ்பெஷல் நாடகத்துக்கு, அதாவது நடிகர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் போடும் நாடகத்துக்கு, ஒத்திகை கிடையாது தம்பி. கதாநாயகன் வேஷம் போடும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாயகி வேஷம் போடும் ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டி இழுப்பவர் ஆர்மோனியக்காரர். நடிகர் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், எடுப்பார் என்று பிடிப்பது அவர், கூடவே பின்பாட்டுப் பாடுவது அவர், நடிகருக்குத் தொண்டை கட்டினால் பாட்டின் அடியை வாங்கிப் பாடிக் கரையேற்றுவதும் அவர்தான். அந்தக் காலத்து நாடக நடிகர் கிட்டப்பாவுக்கு அவர் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியப் பெட்டி வாசித்தார். இங்கே வேலன் 'காயாத கானகத்தே' என்று இழுக்கிறார், கீபோர்டுக்காரர் குனிந்து பட்டனைத் தேடுகிறார். நான் மூன்றாவது வரிசை. கண்ணால் பார்த்தேன்.

மேலூர்க்காரி:
ஆர்மோனியம் மட்டும் மதுரையில் விளைந்ததா அண்ணே? அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தள்ளி வைத்து 1971 வரைக்கும் உள்ளே விடவில்லை.

ஒத்தக்கடையான்:
ரேடியோக்காரர்கள் தள்ளினால் நமக்கென்ன? அந்த 31 வருஷமும் நம் பக்கத்துத் திருவிழாக்களில் பெட்டி பேசிக்கொண்டுதான் இருந்தது. பெட்டி இல்லாமல் நாடகம் இல்லை.

வைகைக்கரை:
போன தடவை பவளக்கொடி பற்றி எழுதினேன், அதற்கும் இதே ஆள் வந்து வம்பு. மதுரையில் நாடகம் பார்க்க இவரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது.

சாமக்கூத்து:
விடிய விடிய நடக்க வேண்டியதை மூன்று மணி நேரத்தில் முடித்தார்களே, அதை யாரும் கேட்கவில்லை. கோமாளி வேஷம் போடும் பபூனைப் பாதியில் இறக்கிவிட்டார்கள்.

வைகைக்கரை:
நல்லதுதான். பபூனின் அந்த இரட்டை அர்த்தப் பேச்சைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்க முடியுமா?

மேலூர்க்காரி:
பபூனைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் பபூன் வந்தால்தான் பாயை விரித்துச் சனம் உட்காரும்.

ஒத்தக்கடையான்:
பபூனை அப்புறம் பேசலாம், முதலில் பெட்டி. சுவாமிகள் 1918-இல் சிறுவர்களை வைத்துப் பாலர் சபா என்ற நாடகக் குழுவை ஆரம்பித்தது இந்த மதுரையில். எங்களுக்கே பாடம் எடுக்க வேண்டாம்.

வைகைக்கரை:
பிறந்தது தூத்துக்குடிப் பக்கம், காலமானது புதுச்சேரியில். சுவாமிகளை உங்கள் தெருவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்களா?

ஒத்தக்கடையான்:
பேச்சை மாற்றாதீர்கள். எழுதியதை எடுங்கள்.

வைகைக்கரை:
ஒரு எழுத்தைக்கூட எடுக்க மாட்டேன்.

ஒத்தக்கடையான்:
சரி, இதற்காவது பதில் சொல்லுங்கள். அன்றைக்குப் பின்பாட்டு பாடியது யார்?