புதுக் கேர்னலில லினக்ஸ் எழும்புதில்லை: அன்நோன்-பிளொக்(0,0)

வடலி, கொக்குவில்:
பட்டரி நிக்காத பழைய லப்டொப், உபுண்டு 22.04. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போட்டுது. இப்ப கிரப் (சிஸ்டத்தை ஏத்திற புரோகிராம்) மெனு வருது. என்ரர் அடிச்சால் “கேர்னல் பானிக்” (லினக்ஸின்ர மையப் புரோகிராமான கேர்னல் நிண்டுபோறது), “அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஒன் அன்நோன்-பிளொக்(0,0)” எண்டு நிண்டிடுது. கப்ஸ் லொக் லைட் விட்டுவிட்டு மின்னுது. /பூட் (கேர்னல் கோப்புகள் இருக்கிற இடம்) தனிப் பார்ட்டிஷன், 512 எம்பி. கிரப்பைத் திருப்பிப் போட்டால் சரிவருமோ?

ஆலடி:
கிரப்பைத் தொடாதேங்கோ. மெனு வருதெண்டால் கிரப்பில பிழையில்லை. கேர்னலும் ஏறிட்டுது, இல்லாட்டிப் பானிக் எண்டு சொல்லவே ஆளில்லை. (0,0) எண்டால் ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கிற இடம்) கேர்னலின்ர கண்ணில படேல்லை. டிஸ்க் டிரைவரைக் கொண்டுவாற இனிட்ஆர்டி கோப்பு இல்லாமல் போயிருக்கும். யூயூஐடி (பார்ட்டிஷனின்ர அடையாள எண்) மாறினதெண்டால் இப்பிடி வராது, ‘இனிட்ராம்எஃப்எஸ்’ எண்டு காட்டிற கட்டளை வரியில போய் நிக்கும்.

மெனுவில அந்த வரியில நிண்டு ‘ஈ’ விசையை அமத்துங்கோ. ‘லினக்ஸ்’ எண்டு தொடங்கிற வரிக்குக் கீழ ‘இனிட்ஆர்டி’ வரி இருக்கோ? இல்லாட்டி எஸ்கேப் அடிச்சு, “அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்” வழியா முந்தின கேர்னலில ஏறுங்கோ.

வடலி:
அந்த வரி இல்லைத்தான். பழைய கேர்னலில எழும்பிட்டுது. ஆனா ஆப்ட் (பக்கேஜ் போடுற கட்டளை) எதுக்கும் “டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ” போடச் சொல்லுது. போட்டால் “நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஒன் டிவைஸ்”.

ஆலடி:
அப்ப கரண்டில பழி போடேலாது. கரண்ட் நிண்டிருக்காட்டிலும் இதுதான் நடந்திருக்கும். “டிஎஃப் -எச் /பூட்” அடிச்சுப் பாருங்கோ, 100%க்கு வந்திருக்கும். ஒரு இனிட்ஆர்டியே 100 எம்பியைத் தாண்டும், என்விடியா டிரைவர் இருந்தால் இன்னும் கூடும். பழசைப் புதுப்பிக்கேக்கயும் ‘.நியூ’ எண்டு இன்னொரு கோப்பை முழுசா எழுதிப்போட்டுத்தான் மாத்தும். மூண்டு கேர்னல் இருந்தால் 512 காணாது.

முதல் “யூநேம் -ஆர்” அடிச்சு, இப்ப ஓடுற பதிப்பைக் குறிச்சு வையுங்கோ. அந்தப் பதிப்பின்ர கோப்பைத் தொடாமல், மிச்சத்தில ஆகப் பழைய இனிட்ஆர்டி கோப்பு ஒண்டை ‘எம்வி’ போட்டு /ரூட்டுக்குள்ள நகர்த்துங்கோ. அழிக்க வேண்டாம். பிறகு வரிசையா:

சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் ஓட்டோரிமூவ் --பர்ஜ்
சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே, பக்கத்தில புதுப் பதிப்பெண் (புது இனிட்ஆர்டியை உருவாக்கிறது இதுதான்)
சூடோ அப்டேட்-கிரப்

கடைசிக் கட்டளை “ஃபவுண்ட் லினக்ஸ் இமேஜ்” எண்டு காட்டிற ஒவ்வொண்டுக்கும் கீழ “ஃபவுண்ட் இனிட்ஆர்டி இமேஜ்” வரவேணும். புதுப் பதிப்புக்கு அது வரேல்லையெண்டால் ரீபூட் பண்ணாதேங்கோ. ஓட்டோரிமூவ் அந்தப் பழைய கேர்னலைத் தூக்கேல்லையெண்டால், இடம் பாத்து நகர்த்தின கோப்பைத் திருப்பி வைச்சு, அப்டேட்-கிரப்பை இன்னொருக்காப் போடுங்கோ.

கடலோரம்:
பழைய கேர்னலும் எழும்பாத ஆக்களுக்கு: லைவ் பென் டிரைவில ஏறி, ரூட் பார்ட்டிஷனை /எம்என்டியில மவுண்ட் பண்ணுங்கோ. அதுக்குள்ள /பூட், பிறகு /பூட்/ஈஎஃப்ஐ. /டெவ், /ப்ரொக், /சிஸ், /ரன் நாலையும் ‘--பைண்ட்’ போட்டு இணைச்சு சிஎச்ரூட் செய்யுங்கோ (டிஸ்க்கில இருக்கிற சிஸ்டத்துக்குள்ள நுழையிறது). பிறகு மேல ஆலடி சொன்ன கட்டளைகள்தான். கனபேர் சறுக்கிறது /பூட்டிலதான். அதை மவுண்ட் பண்ண மறந்தால், ரூட்டுக்குள்ள கிடக்கிற வெறும் ஃபோல்டரிலதான் இனிட்ஆர்டி எழுதப்படும். ஒரு பிழையும் காட்டாது, ரீபூட் பண்ண அதே பானிக்.

512ஐப் பெருப்பிக்க ஏலாட்டி, இனிட்ராம்எஃப்எஸ்.கொன்ஃப் கோப்பில ‘மொடியூல்ஸ்=மோஸ்ட்’ எண்டதை ‘டெப்’ ஆக்குங்கோ. அந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர் மட்டும் போகும், கோப்பு நல்லாச் சுருங்கும். ஆனா டிஸ்க்கைக் கழட்டி வேற கொம்பியூட்டரில பூட்டினால் எழும்பாமல் விடலாம்.