டிசம்பர் 31க்குள் மின்சார கார் எடுத்துடலாமா, பெட்ரோலே போதுமா?

செல்வராணி, திருச்சி | அக்டோபர் 2025

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்துல சொந்த வீடு, வேலை துவாக்குடியில. போக வர 50 கி.மீ., மாசம் 20 நாள். ஆக 1,000 கி.மீ. பதினோரு வருஷம் ஓடின பழைய கார் இனி தாங்காது.

ஒரே மாடல்ல ரெண்டு விலை வாங்கி வெச்சிருக்கேன். செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி குறைஞ்ச பிறகு வந்த விலை. பெட்ரோல் வண்டி ஷோரூம் விலை 9.60 லட்சம், மின்சார வண்டி 14 லட்சம். ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தா பெட்ரோல் 11.30, மின்சாரம் 14.60. வித்தியாசம் 3.30 லட்சம். மின்சார காருக்கு ரோடு டாக்ஸ் முழு விலக்கு இந்த டிசம்பர் 31 வரைக்கும்தான், சீக்கிரம் முடிவு பண்ணுங்கன்னு ஷோரூம்ல தினம் போன் வருது. ஓட்டுற செலவுல அந்த 3.30 லட்சம் எனக்குத் திரும்ப வருமா? ஓட்டினவங்க சொல்லுங்க.

கொங்குச்சாலை, கோவை

தயங்காம எடுங்க மேடம். ரெண்டு வருஷமா ஓட்டறேன், 34,000 கி.மீ. ஆச்சு. ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டா கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் வருது. இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், கிளட்ச் எதுவும் கிடையாது. பிரேக் பேட் இன்னும் மாத்தலை. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிச்சு அந்த சக்தியை பேட்டரிக்குத் திருப்பிடுது. டயர் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தேயுதுங்க, வண்டி எடை ஜாஸ்தி. பெட்ரோல் வண்டியில நான் மாசம் ஆறாயிரம், ஏழாயிரம்னு பங்க்ல கட்டினவன். அந்தக் காசு இப்ப பொண்ணு படிப்புக்குப் போகுது.

பல்லாவரம் பாலாஜி

கொங்கு அண்ணா, சொந்த வீட்டு போர்ட்டிகோவுல நிறுத்துறவங்க கணக்கை எல்லாருக்கும் சொல்லாதீங்க. செல்வராணி அக்காவுக்கே முதல்ல கடனைப் போட்டுப் பாப்போம். கூடுதல் 3.30 லட்சத்தை 9 விழுக்காட்டுல அஞ்சு வருஷக் கடனா எடுத்தா மாசத் தவணை 6,850. வட்டி மட்டும் 81,000. நீங்க சொல்ற ஒரு ரூபாய்க் கணக்கையே எடுத்துக்கிட்டாலும், பெட்ரோலுக்கு ஆகிற 6,300ல மாசம் மிச்சம் 5,300தான். அப்போ அஞ்சு வருஷமும் கையை விட்டுத்தான் போகுது. இதை எந்த ஷோரூம்லயும் எழுதிக் காட்ட மாட்டாங்க.

அடுத்தது என் கதை. அடுக்குமாடிக் குடியிருப்பு. என் பார்க்கிங்ல ஒரு பிளக் பாயிண்ட் போட சங்கத்துல ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், தீப்பிடிக்கும்னு மறுத்துட்டாங்க. நண்பரோட மின்சார காரை மூணு மாசம் வெச்சு ஓட்டினப்போ வெளியில சார்ஜ் பண்ணினேன். யூனிட் 20 ரூபாய், அதுக்கு மேல 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக 23.60. யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடினா கிலோமீட்டருக்கு 3.40. நான் ஓட்டுறது மாசம் 400 கி.மீ. பெட்ரோலை விட மிச்சம் மாசம் 1,200கூட வரலை. 3.30 லட்சம் திரும்பணும்னா இருபது வருஷத்துக்கு மேல ஆகும்.

வீட்டுல எடுக்கிற மின்சாரத்துக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அதே மின்சாரத்தை ஸ்டேஷன்ல எடுத்தா 18 விழுக்காடு. வீடு இருக்கிறவனுக்கு ஒரு வரி, பிளாட்காரனுக்கு ஒரு வரி. இது எனக்கு ரொம்ப உறுத்துது.

முத்தையா, மதுரை

மின்துறையில் 31 ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன். தம்பி கொங்குச்சாலை சொன்ன ஒரு ரூபாய் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. நம் வீட்டுக் கட்டணம் யூனிட் கூடக் கூடப் படிப்படியாக ஏறுவது. கார் வாங்கினால் அதற்கு ஆகும் யூனிட் முழுவதும் மேல்படியில்தான் போய் உட்காரும். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி பார்ப்பது தவறு. காருக்கு முன்பு என்ன வந்தது, பின்பு என்ன வந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

செல்வராணி வீட்டில் ஏசி ஓடி இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் 100 இலவசம். 400 வரை 4.80 வீதம் 1,440. 500 வரை 6.45 வீதம் 645. மிச்சம் 20 யூனிட் 8.55 வீதம் 171. மொத்தம் 2,256.

இரண்டு மாதம் 2,000 கி.மீ. ஓட, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 280 யூனிட் வேண்டும். மொத்தம் 800 ஆகிறது. 501 முதல் 600 வரை 855, அதற்கு மேல் 800 வரை 9.65 வீதம் 1,930. பில் 4,870. கூடுதல் 2,614 ரூபாய். கிலோமீட்டருக்கு 1.31. மாதம் 1,307.

பெட்ரோல் சென்னையில் 101 ரூபாய் அளவில் நிற்கிறது, திருச்சியிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. லிட்டருக்கு 16 கி.மீ. என்றால் மாதம் 6,312. மிச்சம் 5,000 ரூபாய், ஆண்டுக்கு 60,000. கடன் வாங்காமல் கட்டினால் ஐந்தரை ஆண்டில் ஈடாகும். வட்டியோடு கட்டினால் ஏறத்தாழ ஏழு ஆண்டு.

ஒரு எச்சரிக்கை. இப்போது 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடு, கார் வந்த பிறகு 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரை கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும். உங்கள் பில்லை எடுத்து வைத்துப் போட்டுப் பாருங்கள்.

கொங்குச்சாலை, கோவை

ஐயா சொன்னது சரிதாங்க, ஏத்துக்கறேன். எங்க வீட்டுக் கூரையில 3 கிலோவாட் சோலார் இருக்கறதால என் கணக்கு குறைவா வந்திருக்கு. அதுக்கு மத்திய அரசு மானியம் 78,000 கிடைச்சுது. ஆனா அஞ்சு வருஷத்தோட கணக்கை நிறுத்தாதீங்க பாலாஜி. வண்டியை பத்து வருஷம் ஓட்டப் போறாங்க, பேட்டரிக்கு 8 வருஷம் இல்லேன்னா 1,60,000 கி.மீ. வாரண்டி தர்றாங்க. கடன் முடிஞ்ச பிறகு வர்ற ஒவ்வொரு 60,000மும் கையில நிக்கும்.

பல்லாவரம் பாலாஜி

எட்டு வருஷம் கழிச்சு அந்த வண்டியை யாரு, என்ன விலைக்கு வாங்குவாங்க? அதைச் சொல்லுங்க. பழைய பெட்ரோல் வண்டின்னா மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே மதிப்பு சொல்வார். பேட்டரிக்கு அப்படிச் சொல்ல நம்ம ஊர் மெக்கானிக் கடையில ஆள் இல்லை. இன்சூரன்ஸ் பக்கமும் பாருங்க. மூன்றாம் நபர் பிரீமியத்துல, அதாவது நம்மால அடுத்தவங்களுக்கு ஆகிற சேதத்துக்கான பிரீமியத்துல, மின்சார வண்டிக்கு 15 விழுக்காடு தள்ளுபடி உண்டு. 1,000 முதல் 1,500 சிசி பெட்ரோல் காருக்கு 3,416, 30 முதல் 65 கிலோவாட் மோட்டார் இருக்கிற மின்சார காருக்கு 2,904. இதுல மிச்சம் 512 ரூபாய். ஆனா சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் வண்டி மதிப்பை வெச்சு வருது. 14 லட்சம் வண்டிக்கு அது கூடத்தான் செய்யும், அந்த 512 அதுலயே போயிடும்.

செலவை விடுங்க, எனக்கு வரியில இருக்கிற கோபமே வேற. பெட்ரோல் சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18, மின்சார காருக்கு 5. அந்த 14 லட்சம் வண்டியில அரசு விட்டுக் கொடுக்கிற ஜிஎஸ்டி 1.73 லட்சம். 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரை ரோடு டாக்ஸ் 18 விழுக்காடு, அதுல விட்டது 2.52 லட்சம். ரெண்டும் சேர்ந்து நாலே கால் லட்சம், ஒரே ஒரு காருக்கு. இதை அனுபவிக்கிறது 14 லட்சத்துக்கு கார் வாங்க முடிஞ்ச குடும்பம். தாம்பரத்துல இருந்து பாரிமுனைக்கு ஸ்கூட்டர்ல போறவர் லிட்டருக்கு முழு வரியும் கட்டுறார். ரோடு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?

கொங்குச்சாலை, கோவை

அந்த முழு வரி எவ்வளவுன்னு நானே சொல்றேன். மத்திய அரசோட கலால் வரி லிட்டருக்கு 21.90, ஏப்ரல்ல ரெண்டு ரூபாய் ஏத்தினதோட சேர்த்து. மாநிலத்தோட விற்பனை வரி, அதாவது வாட், 13 விழுக்காடு, அதுக்கு மேல 11.52 ரூபாய். ரெண்டும் சேர்ந்து 44 ரூபாய்க்குப் பக்கம். மேடம் பெட்ரோல் வண்டி எடுத்தா மாசம் 62 லிட்டர், எரிபொருள் வரி மட்டும் 2,700. பத்து வருஷத்துல 3.25 லட்சம். வாங்கும்போது ஜிஎஸ்டி 1.46, ரோடு டாக்ஸ் 1.25. கூட்டினா 6 லட்சம் வரி. 9.60 லட்சம் வண்டிக்குங்க! இதுல அநியாயம் பெட்ரோல்காரருக்குப் போடற வரியில இருக்கு. அதைக் காட்டி என் விலக்கைப் பறிக்கச் சொல்றது எப்படி நியாயம்?

அப்புறம், இந்தியா கச்சா எண்ணெய்ல 85 விழுக்காட்டுக்கு மேல வெளிநாட்டுல வாங்குது. ஆடிக் காத்துல பல்லடம், உடுமலை, கயத்தாறு, முப்பந்தல்னு நம்ம காத்தாடி சுத்தி வர்ற கரண்ட்ல வண்டி ஓடறது நாட்டுக்கு நல்லதா கெட்டதா?

பல்லாவரம் பாலாஜி

ஆடி போன பிறகு? ராத்திரி பத்து மணிக்கு நீங்க சார்ஜ் போடுறப்போ மேட்டூரும் வடசென்னையும் நிலக்கரி எரிச்சுக்கிட்டிருக்கும். அப்புறம் ஒண்ணு, பெட்ரோல்காரன் அந்த 6 லட்சத்தைக் கட்டுறதாலதான் உங்க விலக்கை அரசால தாங்க முடியுது. எல்லாரும் உங்க பக்கம் வந்துட்டா அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பெட்ரோல் கலால்ல சாலைக்குன்னே ஒதுக்கின ஒரு தனி வரி, செஸ், இருக்கு. நீங்க அதுல ஒரு காசு போடலை.

கிவிநாட்டுத் தமிழன், ஆக்லாந்து

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பாலாஜி கேட்ட கேள்விக்கு இங்க நியூசிலாந்துல ஒரு பதில் கண்டுபிடிச்சாங்க, அதுல நான் மாட்டியிருக்கேன். மின்சார காருக்கு சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் 2024 மார்ச் 31 வரை விலக்கு. ஏப்ரல் 1ல இருந்து 1,000 கி.மீட்டருக்கு 76 டாலர். பெட்ரோல் மாதிரி ஓடின பிறகு கட்டுறதில்லை, கி.மீட்டரை முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கணும். அதுக்கு மூணு மாசம் முன்னாலதான் வாங்குறதுக்குக் கொடுத்த தள்ளுபடியும் நின்னுது. வருஷம் 12,000 கி.மீ. ஓட்டுற எனக்கு 912 டாலர் புதுச் செலவு.

சாலைக்குப் பணம் கட்ட எனக்கு மனசு இருக்கு. வலிக்கிறது வேற இடத்துல. பக்கத்து வீட்டுக்காரர் வெச்சிருக்கிற சின்ன பெட்ரோல் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோட பேட்டரி மோட்டாரும் உள்ள கார்) 1,000 கி.மீட்டருக்கு 45 லிட்டர்தான் குடிக்குது. எரிபொருள் வரி வழியா அவர் கட்டுறது என் கட்டணத்துல பாதி. விலக்கு முடியும்போது அடுத்து என்ன விதத்துல வரி வரும்ங்கிறதுதான் முக்கியம். நீங்க அதைப் பத்தி இப்பவே பேசுறது நல்லது.

மரியம், நாகர்கோவில்

எங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரத்துல கேரளா. அங்க மின்சார காருக்கும் வரி உண்டு, ஏப்ரல்ல இருந்து விலை கூடின வண்டிக்கு அதை ஏத்தியாச்சு. 15 லட்சம் வரை 5, 20 வரை 8, அதுக்கு மேல 10 விழுக்காடு. கர்நாடகத்துல 25 லட்சத்துக்கு மேல போனா 10. இங்கயும் வரத்தான் செய்யும். ஆனா செல்வராணி அக்கா, விலக்கு போய் பெட்ரோல் வண்டிக்கான அதே பட்டியலை மின்சாரத்துக்கும் வெச்சா என்ன ஆவும்னு பாருங்க. ரோடு டாக்ஸ் வண்டியோட விலையில போடுறாங்க. ஒரே அளவு வண்டி, பெட்ரோல்னா 10 லட்சத்துக்குக் கீழ, 13 விழுக்காடு. மின்சாரம்னா பேட்டரி விலையால 10-ஐத் தாண்டி 18 விழுக்காடு. 1.25 லட்சத்துக்கு எதிரா 2.52 லட்சம். புகை விடாத வண்டி ரெண்டு மடங்கு கட்டணும். உங்க வித்தியாசம் 3.30ல இருந்து 5.80 லட்சம் ஆயிடும். அப்போ யாரு கணக்கும் நிக்காது.

கொங்குச்சாலை, கோவை

இதைத்தான் சொல்ல வந்தேன், மரியம் அழகாச் சொல்லிட்டாங்க. வரி போடணும்னா எடைக்குப் போடுங்க, ஓடற தூரத்துக்குப் போடுங்க. ரோட்டைத் தேய்க்கறது வண்டியோட விலை இல்லையே.

பல்லாவரம் பாலாஜி

தூரத்துக்கு வரின்னா நான் கை தூக்குறேன். மாசம் 400 கி.மீ. ஓட்டுற நானும் 2,000 ஓட்டுறவரும் வாங்கும்போதே ஒரே ஆயுள் வரி கட்டுறோம், அது எனக்கு எப்பவுமே தப்பாத்தான் படுது. ஆனா விலக்கு தொடரணும்னா 15 லட்சத்துக்குள்ள இருக்கிற வண்டிக்கு மட்டும் தொடரட்டும். அதுல மிச்சமாகிற பணத்துல பிளாட்டுகள்ல தனி மீட்டர் வெச்சு பார்க்கிங்ல இணைப்பு கொடுக்கட்டும். 60 லட்சம் சொகுசு காருக்கு 20 விழுக்காட்டுல வர வேண்டிய 12 லட்சத்தை விட்டுக் கொடுக்கிறதுக்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியலை.

கொங்குச்சாலை, கோவை

வரம்பு வைக்கட்டும், தப்பில்லை. 15ல வைக்காதீங்க. நீளப் பயணத்துக்குப் பெரிய பேட்டரி வேணும்னா நடுத்தரக் குடும்பத்து வண்டியே 18 லட்சம் வந்துடுது.

செல்வராணி, திருச்சி

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி உக்காந்து எங்க பில் மூணை எடுத்துப் பாத்தேன். வெயில் காலத்துல 540, மத்த நேரம் 430, 410. முத்தையா ஐயா சொன்ன அந்த 500 எல்லையைத் தாண்டிடுவோம். அதையும் போட்டுப் பாத்தா மாசம் மிச்சம் 5,000க்குக் கிட்டத்தான் நிக்குது. பாலாஜி தம்பி சொன்ன தவணைதான் பயமுறுத்துச்சு. ஜனவரியில எடுக்க வேண்டிய சீட்டு 2 லட்சம் இருக்கு. அதை முன்கூட்டியே நவம்பர்ல ஏலத்துல எடுத்தா கொஞ்சம் கழிவு போகும், ஆனா மீதி சுமார் 1.30 லட்சத்துக்கு மட்டும்தான் கூடுதல் கடன். தவணை 2,700, மிச்சம் 5,000. இது எனக்குக் கட்டுப்படியாகும்னு தோணுது. வீட்டுல பழைய வயரிங், 1998ல போட்டது. சார்ஜர் வைக்க அது தாங்குமா ஐயா?

முத்தையா, மதுரை

அதை முதலில் பாருங்கள், கார் முன்பணம் அதற்குப் பிறகு. உங்கள் மின் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட பளு எத்தனை கிலோவாட் என்று மின்கட்டண அட்டையில் இருக்கும். காருடன் வரும் 15 ஆம்பியர் சார்ஜரே 3 கிலோவாட் அளவு இழுக்கும். அதுவும் ஏழெட்டு மணி நேரம் விடாமல். ஏசியும் அதே நேரம் ஓடும். மீட்டர் பலகையிலிருந்து காருக்கென்று தனி வயர், தனி பிரேக்கர், புதிதாக எர்த். பழைய எர்த் குழியை நம்ப வேண்டாம், ஸ்ரீரங்கத்து மணலில் கோடையில் ஈரம் காய்ந்துவிடும். அளந்து பார்க்காமல் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடாதீர்கள்.