உடலை வாங்க மறுத்து உட்கார்ந்தால்தான் நியாயம் கிடைக்குமா?

தாமிரபரணி:
எங்கள் சித்தி மகளுக்குப் போன மாதம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சிசேரியன் நடந்தது. காலையில் ஆண் குழந்தை பிறந்தான், நல்லபடியாக இருக்கிறான். மதியத்துக்கு மேல் அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. நர்ஸிடம் சொன்னால், "ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்றே பதில். டாக்டர் வந்து பார்த்தபோது இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. பிறகு அவசரமாக 108-ஐ வரவழைத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது. கையில் கொடுத்தனுப்பிய ரெஃபரல் சீட்டில் "உறவினர்கள் விருப்பத்தின் பேரில் அனுப்பப்படுகிறார்" என்று எழுதியிருக்கிறது. எங்களில் யாரும் அப்படிக் கேட்கவே இல்லை.

உடலை வாங்காமல் ரோட்டில் உட்காருவோம் என்று அன்றைக்கே மாமா ஒருவர் சொன்னார். பிள்ளையை அறுக்க விடமாட்டேன் என்று சித்தப்பா அழுதார். போஸ்ட்மார்ட்டம் இல்லாமலே வாங்கி வந்து தகனம் செய்துவிட்டோம். இப்போது வீட்டுக்குள் இரண்டு கட்சி. அன்றைக்கே மறியல் செய்திருக்க வேண்டும், இனி ஒன்றும் நடக்காது என்று ஒரு பக்கம். கேஸ் போடலாம் என்று இன்னொரு பக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
உங்கள் மாமா சொன்னதுதான் சரி. கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். ஆம்புலன்ஸ் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் ஏழை வீட்டுச் சாவை எந்த அதிகாரியும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாலு பேர் ரோட்டில் உட்கார்ந்தால் இன்ஸ்பெக்டர் வருவார், தாசில்தார் வருவார், பெரிய கூட்டமாக இருந்தால் ஆர்.டி.ஓ.வும் வருவார். புகாரை வாங்கி ரசீது தருவார்கள். போஸ்ட்மார்ட்டத்தை வீடியோ எடுப்பார்கள். மனு எழுதிக்கொண்டு அலைபவனுக்கு இதில் எது கிடைத்திருக்கிறது?

2022 நவம்பரில் கொளத்தூர் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட கால்பந்து வீராங்கனையை நினைத்துப் பாருங்கள். காலில் இறுக்கிக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தி, காலை எடுத்து, கடைசியில் அந்தப் பெண் இறந்தே போனாள். ஊரே கொதித்தது. விசாரணைக் குழு, பணியிடைநீக்கம், வழக்கு, குடும்பத்துக்கு நிதி என்று எல்லாம் வரிசையாக வந்தது. சத்தம் இல்லாத சாவுக்கு இவ்வளவு வேகம் வருமா?

இரவுப்பணி:
நான் அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து மருத்துவர். இப்படிக் கடைசி நேரத்தில் அனுப்பப்படும் தாய்மார்களை இரவில் எதிர்கொள்வது எங்களைப் போன்றவர்கள்தான். அதனால் உங்கள் வலி எனக்குத் தெரியாமல் இல்லை, தாமிரபரணி.

ஆனாலும் கரிசல்காட்டான் அண்ணன் சொல்வதை ஏற்க முடியாது. கொளத்தூரில் தவறைக் கண்டுபிடித்தது கூட்டம் இல்லை. கட்டு எப்போது போடப்பட்டது, எப்போது அவிழ்த்திருக்க வேண்டும் என்று வல்லுநர் குழு உட்கார்ந்து பார்த்துத்தான் சொன்னது. கூட்டமே தீர்ப்பு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தான் லால்சோட் இருக்கிறது. 2022 மார்ச்சில் அங்கே பிரசவத்துக்குப் பிறகு உதிரப்போக்கில் ஒரு தாய் இறந்தார். உறவினர்கள் போராட்டம் நடத்தினார்கள். அதற்குப் பணிந்த போலீஸ் மருத்துவர் மேல் கொலை வழக்கே பதிந்தது. மறுநாள் அந்த மருத்துவர் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், அம்மாவுக்குச் சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்று சொல்லி மகன் ஒருவர் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினார்.

இப்படிப் பயந்த டாக்டர் என்ன செய்வார்? சிக்கலான பிரசவத்தைத் தொடவே மாட்டார். எல்லாவற்றையும் பெரியாஸ்பத்திரிக்குத் தள்ளுவார். வழியில் சாகப்போவது மறுபடியும் ஏழை வீட்டுப் பெண்தான்.

கரிசல்காட்டான்:
டாக்டர் சார், கத்தி எடுத்தவனை நான் ஆதரிக்கவில்லை. கொலை வழக்கு போட்டதும் தப்புத்தான். ஆனால் நான் பேசுவது உடலை வாங்க மறுத்து உட்காருவதைப் பற்றி. அதில் யார் மேலும் கை படுவதில்லை. எங்களிடம் இருப்பதே அந்த உடல் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் எங்களிடம் பேச ஒருவரும் வரமாட்டார்கள். அப்புறம், மதியத்திலிருந்து இரவு வரை டாக்டர் வராததற்கு உங்கள் பதில் என்ன? அதைத் தொடாமலே போகிறீர்களே.

இரவுப்பணி:
நியாயமான கேள்வி. சொல்கிறேன்.

பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டுவது யார் தவறும் இல்லாமலே நடக்கும். நன்றாகச் செய்த சிசேரியனிலும் நடக்கும். எனவே உதிரப்போக்கு ஏற்பட்டது என்பதை வைத்து அலட்சியம் என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது இடைப்பட்ட நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதை.

அதற்கு நர்ஸ் சார்ட்டை எடுத்துப் பாருங்கள். இள வயதுப் பெண்களுக்கு ரத்தம் நிறையப் போன பிறகும் பி.பி. சட்டென்று இறங்காது. முதலில் ஏறுவது நாடித்துடிப்பு. 120-ஐத் தாண்டியிருக்கும், பி.பி. மட்டும் 110/70 என்று நிற்கும். அதைப் பார்த்து "பி.பி. நார்மல்" என்று விட்டுவிட்டால் மணிக்கணக்கில் நேரம் போய்விடும். நாடி ஏறிக்கொண்டே போயும் டாக்டருக்குத் தகவல் சொன்னதாகக் குறிப்பு இல்லை என்றால், அங்கேயே பதில் இருக்கிறது. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், அடுத்த மருந்து எப்போது, ரத்தம் கேட்டு ரத்த வங்கிக்குச் சீட்டு எப்போது போனது என்றும் பாருங்கள். ஆஸ்பத்திரி தன் சார்ட்டைத் திருத்தலாம். ரத்த வங்கி ரெஜிஸ்டரை அதனால் திருத்த முடியாது. 108-இல் வந்த இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) வண்டியில் ஏற்றும்போது நாடி, பி.பி. குறித்திருப்பார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது என்ன நிலை என்று கேஸ் ஷீட்டில் இருக்கும். இந்த மூன்றையும் தனியார் ஆஸ்பத்திரி சார்ட்டின் பக்கத்தில் வைத்தால் முரண் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் மகப்பேறு மரணங்களைத் தணிக்கை செய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. தனியாரில் பிரசவம் பார்த்தாலும் அது உண்டு.

கரிசல்காட்டான்:
அந்தத் தணிக்கையில் என்ன தெரிந்தது என்று பெற்றவளுக்கு யாராவது வந்து சொல்கிறார்களா, சார்?

இரவுப்பணி:
சொல்வதில்லை. அடுத்த சாவைத் தடுப்பதற்கான தணிக்கை அது, தண்டிப்பதற்கானது இல்லை. ஆனாலும் குடும்பத்திடம் உட்கார்ந்து பேச ஒரு ஏற்பாடு வேண்டும் என்பதே என் கருத்தும். வழக்குகளில் பாதி, ஒருவரும் முகம் கொடுத்துப் பேசாத கோபத்தில் வருபவை என்றே நினைக்கிறேன்.

கருப்புக்கோட்டு:
நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். தாமிரபரணி கேட்டதற்கு வருகிறேன்.

முதலில், போஸ்ட்மார்ட்டம் இல்லாததால் எல்லாம் முடிந்துவிட்டது என்பது தவறு. குற்ற வழக்குக்கு அது பெரிய இழப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் இழப்பீட்டு வழக்கு பெரும்பாலும் ஆவணத்தில்தான் நிற்கும், விழும். 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. 2004-இல் சவிதா கார்க் வழக்கில், நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததையும் கவனக்குறைவால் இறந்தார் என்பதையும் குடும்பம் எடுத்துவைத்துவிட்டால், சரியாகத்தான் பார்த்தோம் என்று காட்டும் பொறுப்பு ஆஸ்பத்திரிக்கு உண்டு என்றது. எந்த டாக்டர், எந்த நர்ஸ் என்று நீங்கள் தேடித் தேடிப் பெயர் சேர்க்க வேண்டியதில்லை.

ஆகவே நாளைக்கே கேஸ் ஷீட் முழுவதையும் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள், வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புதல் அட்டையோடு அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நீட்டுவார்கள், அதோடு திரும்பி வராதீர்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்க்கை விவரத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். ரத்த வங்கிப் பதிவேடு, 108 பதிவு இரண்டையும் தரச்சொல்லி, வழக்குப் போட்ட பிறகு நுகர்வோர் ஆணையம் மூலமாகவே உத்தரவு கேட்கலாம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 வருடம் வரை அவகாசம். 2019 சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மாவட்டமா, மாநிலமா, எந்த ஆணையம் என்பது நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தை வைத்துத்தான், கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை. 5 லட்சம் வரை கட்டியிருந்தால் வழக்குக் கட்டணமே கிடையாது.

ஒரு முக்கியமான விஷயம். அவளுடைய கணவரும் குழந்தையும்தான் முதல் வாரிசுகள். கணவர் கையெழுத்து இல்லாமல் சித்தியோ நீங்களோ தனியாகத் தொடங்குவது கடினம்.

கரிசல்காட்டான்:
வக்கீல் சார், எழும்பூர் வழக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 1996-இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை. விழித்திரை பரிசோதனை செய்யாமல் அனுப்பிவிட்டார்கள், பார்வை போய்விட்டது. உச்ச நீதிமன்றம் 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது 2015-இல். அதற்குள் அந்தக் குழந்தை வளர்ந்து 18 வயதைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊரில் கூலி வேலை பார்ப்பவன் அவ்வளவு காலம் எதை வைத்து வழக்கு நடத்துவான்? கேஸ் போடு என்று சொல்வது உங்களுக்குச் சுலபம்.

கருப்புக்கோட்டு:
தாமதம் பெரிய அநியாயம், அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் மறியல் எப்படி முடிகிறது என்றும் சொல்லுங்கள். சாயங்காலம் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் வருவார். ஒரு கவரில் பணம் வரும். "மருத்துவமனை மீது எந்தப் புகாரும் இல்லை" என்று வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து வாங்குவார்கள். நான் பார்த்த மறியல்களில் பல அந்தப் பேப்பரில்தான் முடிந்தன. அந்தக் குழந்தையின் படிப்புக்கும் வாழ்க்கைக்கும் வர வேண்டியது ஒரு கவரில் முடிந்துவிடுகிறது. எழும்பூர் வழக்கில் அந்தத் தகப்பன் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால்?

மல்லிகைப்பந்தல்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் அப்பாவுக்காக நுகர்வோர் வழக்கு நடத்தி ஜெயித்தவள் நான். அப்பா இறந்த மறுநாளே என் தம்பி போய்ச் சண்டை போடாமல் கேஸ் ஷீட்டை நகல் எடுத்து வந்துவிட்டான். வழக்கில் ஆஸ்பத்திரி தாக்கல் செய்த கேஸ் ஷீட்டில் எங்கள் நகலில் இல்லாத ஒரு பக்கம் கூடுதலாக இருந்தது. காலை, மதியம், இரவு மூன்று ஷிப்டுக்கும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. ஆணையம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. நாங்கள் ஒரு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் அந்தப் பக்கத்தோடு சேர்த்துத்தான் நகலே கிடைத்திருக்கும்.

தாமிரபரணி, உங்கள் வீட்டில் அன்றைக்கு வார்டில் யார் இருந்தார்கள், யாரிடம் எப்போது சொன்னார்கள் என்பதை இப்போதே ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்லுங்கள். போனில் யாருக்கு எத்தனை மணிக்குக் கால் போனது என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய கால் விவரம் போனில் வெகுநாள் நிற்காது.

தாமிரபரணி:
எல்லோருக்கும் நன்றி. போலீஸில் புகார் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? மெடிக்கல் கவுன்சில் என்று ஒன்று சொல்கிறார்களே, அது?

கருப்புக்கோட்டு:
புகார் கொடுக்கலாம். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் மருத்துவர் மேல் குற்ற வழக்கு என்றார்கள். அதற்கு முன்பு சார்பற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தையும் போலீஸ் வாங்க வேண்டும். நடைமுறையில் மாவட்ட ஜே.டி. (மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்) அலுவலகத்துக்குக் கடிதம் போகும், அங்கே கிடக்கும். புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 106, மருத்துவருக்கு அதிகபட்சம் 2 வருடச் சிறை, மற்றவர்களுக்கு 5 வருடம். உங்கள் விஷயத்தில் உடற்கூறாய்வு இல்லை. அதனால் முழு பலத்தையும் இதில் போட வேண்டாம் என்பது என் எண்ணம்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பணம் வாங்கித் தராது. தவறு உறுதியானால் மருத்துவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு நீக்கலாம், எச்சரிக்கலாம்.

கரிசல்காட்டான்:
அதையும் முழுசாகச் சொல்லுங்கள். கவுன்சிலில் உட்கார்ந்திருப்பதும் டாக்டர்கள்தான். அவர்கள் புகாரைத் தள்ளுபடி செய்தால், 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி மேல்முறையீடு போகும் உரிமை டாக்டருக்கு எழுதப்பட்டிருக்கிறது, நோயாளி குடும்பத்துக்கு எழுதப்படவில்லை. இதைக் காரணம் காட்டிக் குடும்பங்களின் மனுக்களைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் கதவு வைத்துக் கட்டிவிட்டு, ரோட்டுக்கு வராதே என்றால் எப்படி? இரவுப்பணி சார் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இரவுப்பணி:
அந்தச் சட்டம் இந்த இடத்தில் தவறு. நோயாளி தரப்புக்கும் மேல்முறையீடு வேண்டும். டாக்டர்கள் சங்கங்களே இதைக் கேட்க வேண்டும் என்று நான் எங்கள் கூட்டத்திலும் பேசுகிறேன். ஆனால் மறியலைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. வார்டு வாசலில் கூட்டம் நின்ற இரவில், உள்ளே இன்னொரு தாய்க்குக் கை நடுங்காமல் முதுகில் ஊசி போட வேண்டியவன் நான்.

கரிசல்காட்டான்:
என் கருத்தும் மாறவில்லை. ஆனால் வார்டு வாசலில் வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவோம்.

தாமிரபரணி:
மச்சானிடம் பேசினேன். அவர் வீட்டில் "போனது போச்சு, பையனைப் பார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தையின் பெயரில் வழக்கு என்று சொன்னதும் சம்மதித்துவிட்டார். நாளைக் காலை கேஸ் ஷீட் கேட்டு அவர் பெயரிலேயே மனு. கருப்புக்கோட்டு சார், எங்களுக்கு வக்கீல் வைக்க வசதி குறைவு. என்ன செய்யலாம்?

கருப்புக்கோட்டு:
நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே வாதாடலாம். ஆனால் மருத்துவ வழக்கில் துணை இருப்பது நல்லது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் வகுப்பினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். குழந்தையும் ஒரு மனுதாரர் என்பதால் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். கேஸ் ஷீட் கைக்கு வந்ததும் பக்கங்களுக்கு எண் போட்டு, பெயரை மறைத்துவிட்டு இரவுப்பணி டாக்டரிடம் காட்டுங்கள்.

இரவுப்பணி:
அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். அலட்சியம் இல்லை என்று தெரிந்தாலும் அதையும் உள்ளபடி சொல்வேன், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.