6 வயது மகனுக்கு 7 கிலோ பாரப் போர்வை சரிவருமா?

இணுவில் அம்மா:

வணக்கம். என் மகனுக்கு 6 வயது, 19 கிலோ. ஓட்டிசம் என்று 4 வயதில் சொன்னார்கள். கதை ஒன்றிரண்டு சொல்தான், வேண்டியதைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவான். எங்கள் ஊரில் தவிலும் நாதஸ்வரமும் கேட்காத கிழமை இல்லை, அதற்கு ஒன்றும் செய்ய மாட்டான். லவுட்ஸ்பீக்கர்தான் அவனுக்கு ஏலாது. திருவிழா தொடங்கி விடியப்புறம் பாட்டுப் போட்டவுடன் காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் மெத்தைக்கு அடியில் புகுந்துவிடுவான், இல்லாவிட்டால் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் செருகிக்கொண்டு நிற்பான். அந்த நாட்களில் இரவு நித்திரையும் இல்லை.

றொறன்ரோவில் இருக்கிற அக்கா, அங்கே இப்படியான பிள்ளைகளுக்குப் பாரப் போர்வை, அதாவது உள்ளே மணிகள் நிரப்பித் தைத்த கனமான போர்வை, போடுகிறார்கள், உடனே அமைதியாகி விடுவார்கள் என்கிறா. தன்னுடைய 15 இறாத்தல் போர்வையை, கிட்டத்தட்ட 7 கிலோ, ஆள் வரும்போது கொடுத்துவிடட்டுமா என்று கேட்கிறா. பள்ளிக்கூடத்தில் ரீச்சரும் பாரமான ஜாக்கெட் போட்டால் கதிரையில் இருப்பான் என்று சொன்னா. எனக்கு இந்த வெக்கையை நினைத்தால் பயம். யாராவது பாவித்திருக்கிறீர்களா?

மானிப்பாய் அப்பா:

எங்கள் மகளுக்கு மடியில் வைக்கிற சின்னப் பாரப் பை ஒன்று தைத்தோம். படம் கீறும்போது தானே எடுத்து வைத்துக்கொள்வாள். போர்வையும் ஒன்று வந்தது, அதைக் காலால் உதைத்துத் தள்ளிவிடுவாள். ஒன்று சொல்கிறேன், அரிசி, பயறு போட்டுத் தைக்காதீர்கள். மாரியில் வண்டு பிடிக்கும், தோய்க்கவும் ஏலாது.

கோண்டாவில் அக்கா:

தங்கச்சி, நான் தொழில்வழிச் சிகிச்சையாளர், பிள்ளைகளை அன்றாட வேலைகளுக்குப் பழக்குவதுதான் என் வேலை. அந்தப் போர்வையை அனுப்ப வேண்டாம் என்று அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அது பெரிய ஆட்களுக்கான நிறை. பிள்ளையின் நிறையில் பத்தில் ஒரு பங்கு என்பதுதான் வழக்கமாகச் சொல்கிற கணக்கு. உங்கள் மகனுக்கு அது 2 கிலோவுக்கும் குறைவு. 7 கிலோ என்றால் அவனுடைய நிறையில் மூன்றில் ஒன்றுக்கு மேல். நித்திரையில் அவனால் அதை விலக்க முடியாது. 2008இல் கனடாவின் கியூபெக்கில் ஓட்டிசம் உள்ள 9 வயதுப் பையன் ஒருவனைப் பள்ளிக்கூடத்தில் பாரப் போர்வையால் சுற்றி வைத்ததில் மூச்சுத் திணறி இறந்தான். 2022இல் அமெரிக்காவில் 4 வயதும் 6 வயதுமான இரண்டு சிறுமிகள் இப்படியான போர்வையின் உறைக்குள் புகுந்து, வெளியே வர முடியாமல் இறந்தார்கள். மெத்தைக்கு அடியில் புகுகிற பிள்ளை சிப்பைத் திறந்து உறைக்குள்ளும் புகுவான் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் அவன் ஏன் அங்கே புகுகிறான் என்று பாருங்கள். தன்னை அமைதிப்படுத்த என்ன வேண்டும் என்று அவனே கண்டுபிடித்திருக்கிறான். மெல்லத் தொட்டால் துடிக்கிற பிள்ளைகள் பலர், ஒரே சீராக அழுத்தினால் அடங்குவார்கள். தோலிலும் தசையிலும் மூட்டிலும் அழுத்தத்தை உணர்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கிடைக்கிற செய்தி உடம்பின் பதற்றத்தைக் குறைக்கிறது என்றுதான் நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். ஓட்டிசம் உள்ள அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின், ஊசி போடுவதற்காக மாடுகளை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற கூட்டைப் பார்த்து, தன் பதின்ம வயதின் கடைசியில் தனக்கே ஒரு அணைப்புப் பெட்டி செய்துகொண்டார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, எவ்வளவு இறுக்குவது, எப்போது விடுவது என்கிற பிடி அவருடைய கையிலேயே இருந்தது. நீங்கள் எதைக் கொடுத்தாலும் மகன் தானே எடுக்கவும் தானே தள்ளிவிடவும் கூடியதாக இருக்க வேண்டும்.

அதனால்தான் ரீச்சர் சொன்ன ஜாக்கெட்டுக்கு நான் உடன்படவில்லை. பிள்ளையைக் கதிரையில் இருத்தி வைக்கப் பாரம் கட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அவன் ஏன் எழும்புகிறான் என்று யாரும் கேட்பதில்லை. ரீச்சருக்கு வசதி, பிள்ளைக்கு என்ன?

நித்திரைக்கும் போர்வையை நம்ப வேண்டாம். பிரிட்டனில் ஓட்டிசம் உள்ள, 5 முதல் 16 வயதான 67 பிள்ளைகளிடம் பாரப் போர்வையையும் சாதாரணப் போர்வையையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வந்தது. நித்திரை நேரம் கூடவில்லை, கெதியாக நித்திரை வரவுமில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பாரப் போர்வைதான் கூடப் பிடித்தது. பிடிப்பதும் பெரிய விஷயம்தான், ஆனால் எங்கள் ஊர் வெக்கையில், கரண்ட் போய் பானும் நின்றால், அதற்குள் பிள்ளை வேர்த்துக் கிடப்பான்.

சரி, என்ன செய்யலாம்? அவனுக்கு முதல் பிரச்சினை சத்தம். பாரம் சத்தத்தைக் குறைக்காது. மெஷின் வேலை செய்பவர்கள் காதில் மாட்டுகிற சத்தத் தடுப்பு மாதிரிப் பிள்ளைகளின் அளவிலும் இருக்கிறது. அக்கா அனுப்ப ஆசைப்பட்டால் அதை அனுப்பட்டும்.

அப்புறம் பகலில் உடம்புக்குப் பாரமான வேலை கொடுங்கள். பூங்கன்றுகளுக்கு அரை வாளி தண்ணீர் காவுவது, ரொட்டிக்கு மாக் குழைப்பது, அப்பாவோடு சேர்ந்து சைக்கிளைத் தள்ளிவருவது. கிணற்றடிக்குத் தனியாக விட வேண்டாம். பழைய பருத்திச் சேலையில் ஏணை கட்டிப் பாருங்கள், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அணைப்பும் ஆட்டமும் சேர்ந்து கிடைக்கும். சந்தையில் ஏணைக்கு விலையில்லை என்பதால் அதை யாரும் எழுதுவதில்லை, நான் கண்ட பிள்ளைகளில் பலருக்கு அதுதான் பிடித்தது.

மடியில் வைக்கிற பாரப் பை வேண்டுமென்றால் 1 கிலோ போதும். தடித்த பருத்தித் துணியில் கட்டம் கட்டமாகத் தைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக பிளாஸ்டிக் மணி போடச் சொல்லுங்கள், பாரம் ஒரு பக்கம் சரியாது. ஓரம் இரட்டைத் தையல். மணியை வாயில் போடுகிற பிள்ளை என்றால் தையலை அடிக்கடி பாருங்கள். 20 நிமிடம் போல வைத்துவிட்டு எடுத்துவிடலாம். வலிப்போ, முட்டோ (மூச்சு இழுப்பு) இருந்தால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

இணுவில் அம்மா:

மிக்க நன்றி அக்கா. முட்டு சின்னதில் இருந்தது, இப்போது இல்லை. கிளினிக்கில் கேட்கிறேன். அவன் தலைமயிர் வெட்டவே விடமாட்டான், காதில் மாட்ட விடுவானா?

கோண்டாவில் அக்கா:

சத்தம் தொடங்கிய பிறகு மாட்டப் போனால் விடமாட்டான். திருவிழாவுக்கு முந்திய கிழமைகளிலேயே, வீடு அமைதியாக இருக்கும்போது விளையாட்டுச் சாமானோடு சேர்த்து வையுங்கள். முதலில் நீங்கள் மாட்டுங்கள், அவன் கழற்றினால் கழற்றட்டும். கோவில் நிர்வாகத்திடமும் ஒருமுறை போய், உங்கள் வீட்டுப் பக்கம் பார்த்திருக்கிற லவுட்ஸ்பீக்கரை மட்டும் திருப்பிக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். பிள்ளையைப் பற்றிச் சொல்லியே கேளுங்கள்.