தொடக்கப் பள்ளியில் திரை: எதற்கு, எவ்வளவு?

அறிவியல் ஆசிரியர், சேலம்

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திரையில் பாடம் காட்டும் திறன்மிகு வகுப்பறைகள் அமைத்தது வீண் செலவு என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நிலவு ஏன் வளர்ந்து தேய்கிறது என்பதைக் கரும்பலகையில் வட்டங்கள் வரைந்து பல ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்ற தவறான எண்ணத்தோடேயே பாதிப் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போனார்கள். அசையும் படத்தில் பூமியிலிருந்து ஒரு முறையும் விண்ணிலிருந்து ஒரு முறையும் காட்டிய பிறகே அந்த எண்ணம் கலைந்தது. 2018-இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு வந்தபோது, தனியார் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் கிடைத்துவந்த காணொளி என் மாணவனுக்கும் கிடைத்தது. அதை வீண் என்று எப்படிச் சொல்வது?

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

ஐயா, உங்கள் வகுப்பில் நிகழ்ந்ததை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இருட்டறையில் ஒரு டார்ச் விளக்கையும் ஒரு பந்தையும் வைத்துப் பிள்ளையையே சுற்றிவரச் சொன்னால், அதே பிறை அவள் கையிலேயே தோன்றும்.

என் கவலை வேறு. எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு இருவர்தான் இருக்கிறோம். மூன்றாம் வகுப்பில் ஒருவன் கதைப் புத்தகம் படிக்கிறான். பக்கத்தில் இருப்பவளுக்கு இன்னும் கொம்பும் காலும் குழம்புகின்றன. திரை இருவருக்கும் ஒரே வேகத்தில் பேசுகிறது. காணொளி ஓடும்போது வகுப்பு அமைதியாக இருப்பதைப் பார்த்து, கற்றல் நடக்கிறது என்று பார்வையிட வருபவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்துப் பார்த்தார்கள். 319 பள்ளிகளை ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வில், கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

அறிவியல் ஆசிரியர், சேலம்

அம்மா, பெருவில் கொடுத்தது கருவி. அதைக் கொண்டு எப்படிக் கற்பிப்பது என்ற திட்டம் அங்கே வலுவாக இல்லை. டெல்லியில் நடந்ததையும் பாருங்கள். பள்ளி நேரத்துக்குப் பின் இயங்கிய மையங்களில், ஒவ்வொரு மாணவரின் நிலையையும் சோதித்து அங்கிருந்தே கணக்கும் இந்தியும் தொடங்கும் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள் என்பது அங்கே தெரியவந்தது. குலுக்கல் முறையில் வாய்ப்புப் பெற்றவர்கள் நாலரை மாதத்தில், வாய்ப்புப் பெறாதவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு முன்னேற்றத்தைக் கணக்கில் கண்டார்கள். திரை ஒரே வேகத்தில் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

அந்த மையங்களில் ஒன்றரை மணி நேரத்தில் பாதி நேரமே மென்பொருள் இருந்தது. மறுபாதியில் சிறு குழுவுக்கு ஒரு மனிதர் பாடம் சொன்னார். பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. தவிர, எங்களுக்கு வந்திருப்பது அந்த மென்பொருள் அல்ல. சுவரில் மாட்டிய திரை.

நிலைக்கேற்ற கற்பித்தல் நமக்குப் புதிதும் அல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய ஏணியில் தான் நிற்கும் படிக்குரிய அட்டையைப் பிள்ளை தானே எடுத்துத் தரையில் அமர்ந்து படித்தாள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் அதே எண்ணத்தில்தான். மின்சாரம் இல்லாமலே அது நடந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியப் பயிற்றுநர், மதுரை

இருவரும் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகிறீர்கள். அட்டைகளோடு நான் பல பள்ளிகளுக்குப் போயிருக்கிறேன். அம்மையார் சொல்வது போல் அந்த முறை அழகானது. ஆனால் முப்பது பிள்ளைகள் முப்பது படிகளில் நிற்கும்போது, யார் எங்கே நிற்கிறார் என்று குறித்துவைப்பதிலேயே ஆசிரியர் களைத்துப்போனதையும் கண்டேன். அட்டை கிழிந்தால் மாற்று வர மாதங்கள் ஆயின. பல பள்ளிகளில் எல்லாரும் ஒரே அட்டையை ஒன்றாக வாசிக்கும் நிலை வந்தது. கணினி எளிதாகச் செய்யக்கூடியது அந்தக் குறித்துவைக்கும் வேலையைத்தான்.

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

நீங்கள் சொல்வது உண்மை ஐயா. நானும் அப்படிக் களைத்தவள்தான். இருந்தும், குறித்துவைக்கும் வேலையைக் கணினி ஏற்கும் என்று சொல்லித்தான் கைக்கணினி வந்தது. இப்போது அந்த விவரங்களைப் பதிவேற்றுவதே என் முதல் பாடவேளையைத் தின்கிறது. இணையம் நின்றால் மதியமும் போய்விடும். பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, அவள் எங்கே தடுக்கினாள் என்று எனக்கு உடனே காட்டும் கருவி வந்தால், இணையமின்றியும் அது இயங்கினால், நானே முதலில் கேட்டு வாங்குவேன். அதுவரை திரைக்குச் செலவிடும் தொகையில் எங்கள் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் ஒருவரைத் தாருங்கள்.

அறிவியல் ஆசிரியர், சேலம்

மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்பதில் நானும் உங்களோடு நிற்கிறேன். திரையை வாங்குவது ஒருமுறைச் செலவு, ஊதியம் ஆண்டுதோறும் வரும் செலவு என்பதால்தான் அரசுகள் திரையை நோக்கிச் சாய்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் சொன்னதைக் கேட்டபின், ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் திரை அவசரமில்லை என்று ஏற்கிறேன். ஆறாம் வகுப்புக்கு மேல், உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கும் கணினிகளில் நிலைக்கேற்ற கணக்குப் பயிற்சியை வாரத்தில் மூன்று பாடவேளை நடத்திப் பார்க்கலாம் என்ற என் கோரிக்கையை மட்டும் நான் விடமாட்டேன்.