சான் ஜிமிஞ்ஞானோ கோபுரங்கள் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இத்தாலியின் டஸ்கனியில் இருக்கும் சான் ஜிமிஞ்ஞானோவைப் பற்றி ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரோமுக்கு யாத்திரை போகிறவர்கள் தங்கிச் சென்ற ஊர், குங்குமப்பூ வியாபாரத்தில் காசு பார்த்த ஊர். பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியதில் ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் வரை இருந்தனவாம், இப்போது மிஞ்சியவை 14தான். 1348 பிளேக்கில் ஊர் ஒடிந்துபோய், 1353இல் பிளாரன்ஸுக்கு அடங்கியது. அப்புறம் இடித்துப் புதிதாகக் கட்ட வசதி இல்லாமல்தான் பழையது இவ்வளவு நின்றது என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோபுரச் சுவர்களில் வரிசை வரிசையாகச் சதுர ஓட்டைகள். சாரம் கட்டக் கழி செருகியவை சில, வெளியே மரத் தாழ்வாரத்தைத் தாங்கியவை சில. எது எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கட்டடக்கலை படித்தவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபரில் அம்மாவோடு போகிறேன். 54 மீட்டர் உயரமுள்ள தோரே குரோஸாவில் ஏறியவர்கள் இருந்தால், முட்டிவலி உள்ளவர் ஏறக்கூடிய படிகளா என்றும் சொல்லுங்கள், அவரைக் கீழே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் ஏற மனசு வரவில்லை.