ஜிப்ஸியை 2 இன்ச் தூக்கினேன், இப்ப ஸ்டியரிங் நேரா வரமாட்டேங்குது. உதவி வேணும்

வாலிநோக்கத்தான்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1998 மாருதி ஜிப்ஸி கிங், 1.3 லிட்டர், கார்புரேட்டர். அப்பா வாங்கினது. அவர் போன பிறகு நான்தான் ஓட்டுறேன், விக்க மனசு வரல.

எனக்குக் கருவாட்டு யாவாரம். ரோட்டை விட்டு இறங்கி, பனங்காட்டுக்குள்ள 2 கிலோமீட்டர் மணல் தடத்துல போய்த்தான் கரையில மீன் எடுக்கணும். டிராக்டர் போய்ப் போய் தடத்துக்கு நடுவுல மேடு விழுந்துடுச்சு. வண்டி அடி அதுல உரசுது. அதனால போன மாசம் ஒரு கடையில குடுத்து முன்னயும் பின்னயும் நீளமான சாக்கிள் (ஸ்பிரிங் பிளேட்டோட முனையைச் சேஸிஸோட மாட்டுற இரும்புத் துண்டு) போட்டு, பின்னாடி கூடுதலா ஒரு ஸ்பிரிங் பிளேட்டும் ஏத்தினேன்.

அதுலேர்ந்து நிம்மதி இல்லை. திருப்பத்துல ஒடிச்ச ஸ்டியரிங் தானா நேரா வராது, நான்தான் இழுத்து வைக்கணும். ஈ.சி.ஆர். கடற்கரை ரோட்டுல 60 போனா வண்டி இப்படியும் அப்படியும் அலையுது. 45-ஐத் தாண்டினா சீட்டுக்கு அடியில கடகடன்னு நடுக்கம். பிரேக் மிதிச்சா முன்னாடி மட்டும் குத்துது, பின்னாடி பிடிக்கிற மாதிரியே தெரியல. இவ்வளவுக்கும் பிறகு, அந்த மணல் மேடு இன்னும் உரசிக்கிட்டுத்தான் இருக்கு. கடையில கேட்டா "ஓட ஓட சரியாயிடும்"ங்கிறாங்க. 3 வாரம் ஓட்டிட்டேன்.

மண்டபத்தான்

சாக்கிள் பழசை விட எவ்வளவு நீளம்? வண்டி நிஜமா எவ்வளவு ஏறியிருக்கு? வீல் நடுவுலேர்ந்து நேர் மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு நாலு பக்கமும் அளந்து போடுங்க. அளக்காம எது சொன்னாலும் ஊகம்தான்.

வாலிநோக்கத்தான்

அளந்துட்டேன் அண்ணே. சாக்கிள் பழசை விட 2 இன்ச் நீளம். முன்னாடி 1 இன்ச்தான் ஏறியிருக்கு. பின்னாடி 2 இன்ச்சுக்குக் கொஞ்சம் கூட. டிரைவர் பக்கம் முன்னாடி மட்டும் அரை இன்ச் தாழ்ந்து நிக்குது.

தங்கச்சிமடம் ஷெட்

தம்பி, 2017-ல அரிச்சல்முனைக்குத் தார் ரோடு வர்ற வரைக்கும் முகுந்தராயர் சத்திரத்துலேர்ந்து தனுஷ்கோடிக்கு மணல்லயும் தண்ணியிலயும் வேன் ஓட்டுனவங்களுக்கு வேலை பார்த்தவன் நான். ஜிப்ஸியும் நிறைய கை பட்டிருக்கு. உங்க வண்டியில நாலு கோளாறும் ஒரே வேலையால வந்ததுதான். ஓட ஓட சரியாகாது.

முதல்ல அந்த 1 இன்ச். சாக்கிள் பிளேட்டோட ஒரு முனையைத்தான் கீழ தள்ளுது, அச்சு நடுவுல இருக்கு. அதனால 2 இன்ச் சாக்கிளுக்கு 1 இன்ச்தான் கிடைக்கும், கணக்கு சரி.

ஸ்டியரிங்குக்கு வாங்க. ஜிப்ஸில முன் பிளேட்டோட சாக்கிள் முன்பக்க முனையில இருக்கு. அந்த முனை 2 இன்ச் இறங்குனா பிளேட் மூக்கைக் கவுத்துக்கும், அதோட அச்சும் சுத்திக்கும். பிளேட் கண்ணுக்குக் கண் 1 மீட்டர்னு வச்சாலே 3 டிகிரி வரும். சக்கரம் திரும்புற ஆணியான கிங் பின்னோட மேல் முனை கொஞ்சம் பின்னாடி சாய்ஞ்சு நிக்கணும். சைக்கிள்ல முன் ஃபோர்க் சாய்வா இருக்குல்ல, அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராக்கிக் குடுக்குது. உங்க வண்டியில அது அழிஞ்சுபோச்சு. அலைன்மென்ட் கடைக்குப் போய் டோ, அதாவது சக்கரம் உள்ள வெளிய பார்க்குற கோணம், அதை மட்டும் சரி பண்ணுனா காசு வீண். பிளேட்டுக்கும் அச்சுக்கும் நடுவுல இரும்பு ஆப்பு வைக்கலாம். ஜிப்ஸில பிளேட் அச்சுக்குக் கீழ இருக்கறதால ஆப்போட தடிச்ச பக்கம் வண்டி மூக்கைப் பார்த்து வரணும். மாத்தி வச்சா இன்னும் மோசமாகும். அலுமினிய ஆப்பு வாங்காதீங்க, உடையும். சென்டர் போல்ட்டும் அந்த அளவுக்கு நீளமா மாத்தணும்.

ஆனா ஆப்பு வச்சா முன் ஹவுசிங்கோட (அச்சுக் கூடு) பின்பக்கம், அதாவது சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டு வர்ற ஷாஃப்ட் மாட்டுற மூக்கு, கீழ சாயும். முன் ஷாஃப்ட்டோட மூட்டுக்கு, அதாவது கிராஸுக்கு, கோணம் கூடும். 2, 3 டிகிரி வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல வேண்டாம்.

நடுக்கம் பின் ஷாஃப்ட்டுலேர்ந்து. பின்னாடி சாக்கிள் பின்முனையில இருக்கு, அது இறங்குனதும் ஹவுசிங் மூக்கு மேல பார்க்க ஆரம்பிச்சிடுச்சு. ஷாஃப்ட்டோட ரெண்டு கிராஸுக்கும் ஒரே கோணம் இருந்தாத்தான் ஒண்ணு குடுக்குற ஆட்டத்தை இன்னொண்ணு அடக்கும். இப்படியே ஓட்டுனா கிராஸ் போயிடும்.

பிரேக்குக்கு: பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல கம்பியோட ஒரு வால்வு இருக்கான்னு படுத்துப் பாருங்க. பின்னாடி பாரம் இருக்கா இல்லையான்னு வண்டி உசரத்தை வச்சு அது கண்டுபிடிக்கும். நீங்க 2 இன்ச் தூக்கிட்டீங்க, அது வண்டி காலின்னு நினைச்சுப் பின் பிரேக்கைக் குறைக்குது. வால்வை அடைச்சு விடச் சொல்லி யாராவது சொன்னா கேட்காதீங்க, மழையில பின் டயர் லாக் ஆகி வண்டி சுத்திடும். கம்பி மாட்டுற பிராக்கெட்டை ஏறுன அளவுக்கு உசத்துனா போதும்.

கடைசியா உரசல். அதுதான் எனக்கு வருத்தமா இருக்கு. உரசுறது எது? நடுவுல இருக்குற டிஃபரன்ஷியல் உருண்டைதானே? முழு அச்சு வண்டியில சாக்கிள் போட்டாலும் பிளேட் ஏத்துனாலும் பாடியும் சேஸிஸும்தான் மேல போகும். உருண்டை டயரோட நிக்குது. அதை உசத்தணும்னா பெரிய டயர் மட்டும்தான் வழி. இதை முதல்லயே யாராவது சொல்லியிருந்தா உங்க காசு மிஞ்சியிருக்கும்.

வாலிநோக்கத்தான்

அண்ணே, படுத்துப் பார்த்தேன். உருண்டையிலதான் பெயின்ட் தேய்ஞ்சு பளபளன்னு இருக்கு. வால்வும் இருக்கு. இப்ப என்ன பண்றது? எல்லாத்தையும் கழட்டிடவா?

தங்கச்சிமடம் ஷெட்

பின் சாக்கிளைக் கழட்டிப் பழசைப் போடுங்க. கூடுதல் பிளேட்டையும் எடுங்க, அது வண்டியை முறைப்பாக்கிடும். மணல்ல சக்கரம் மேடு பள்ளத்துக்கு இறங்கி ஏறணும்.

டிரைவர் பக்கம் தாழ்ந்திருக்குன்னீங்களே, அங்கதான் நிஜமான வேலை. 25 வருஷத்துக்கு மேல உப்புக்காத்து குடிச்ச பிளேட். நடுநடுவுல துரு ஏறி, தேய்ஞ்சு, வளைவு போயிருக்கும். நாலு பிளேட் கட்டையும் இறக்கி, ராமநாதபுரத்துலயோ பரமக்குடியிலயோ பிளேட் வேலை பார்க்குற பட்டறையில பிரிச்சு, வெடிப்பு பார்த்து, வளைவு அடிச்சு வாங்குங்க. வெடிச்ச பிளேட்டை வெல்டிங் வைக்க விடாதீங்க, மாத்தணும். கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டச் சொல்லுங்க. பழைய உசரம் திரும்பக் கிடைச்சாலே பாதிக் குறை தீரும்.

பிளேட்டை அச்சோட இறுக்குற யூ போல்ட் எட்டும் புதுசு. ஒருதரம் இழுத்து முறுக்குன யூ போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது, நம்ம கடற்கரையில சுத்தமாக் கூடாது. சாக்கிள் போல்ட்டை ஜாக்கியில தொங்கும்போது முறுக்காதீங்க. வண்டி நாலு கால்ல நின்ன பிறகு முறுக்குங்க. இல்லைன்னா ரப்பர் புஷ் முறுகினபடியே மாட்டிக்கிட்டு சீக்கிரம் கிழிஞ்சிடும்.

பிளேட் இறங்கியிருக்கும்போதே பின் சாக்கிள் மாட்டுற இடத்துல சேஸிஸைச் சின்ன சுத்தியலால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்கணும். தொப்புனு கேட்டா உள்ளே துரு தின்னிருக்கு, முதல்ல அதைப் பாருங்க.

மண்டபத்தான்

டயர் கணக்கு நான் சொல்றேன். 205/70 ஆர்15 உசரம் 668 மி.மீ. பொலேரோல வர்ற 215/75 ஆர்15 போட்டா 703. பாதி, அதாவது 17, 18 மி.மீ. உருண்டை ஏறும். ஸ்பீடோமீட்டர் 5 சதவீதம் குறைச்சுக் காட்டும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு பிளேட்லயோ மட்கார்டுலயோ உரசுதான்னு பார்த்துட்டு வாங்குங்க.

அதுக்கு முன்னாடி காசே இல்லாத வழி: மணல்ல இறங்கும்போது டயர் காத்தை 26 பி.எஸ்.ஐ.லேர்ந்து 16-க்கு இறக்குங்க, டயர் அகண்டு மணல்ல புதையாது. 12-க்குக் கீழ போனா டயர் ரிம்மை விட்டு வந்துடும். ரோடு ஏறுறதுக்கு முன்னாடி திரும்ப அடிங்க. கருவேல முள்ளுக்குக் காத்து குறைஞ்ச டயர்னா கொண்டாட்டம், அதனால முள் கிடக்குற பக்கம் ஒதுங்கி ஓட்டுங்க.

கீழக்கரை பாய்

தம்பி, 1998 வண்டின்னா ஆர்.சி. அடுத்து 2028-ல புதுப்பிக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக்கூடாது, 2019-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லியிருக்கு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் முதல்ல சாக்கிளைத்தான் பார்ப்பான். பழைய உசரத்துக்கே கொண்டு வர்றது எல்லா விதத்துலயும் நல்லது.

இன்னொண்ணு. தை, மாசி, பங்குனியில ராத்திரி கரைமணல்ல வண்டி இறக்காதீங்க. பங்குனி ஆமைன்னு சொல்ற கடலாமை முட்டை வைக்கிற நேரம். டயர் தடத்துல விழுற குஞ்சு ஏற முடியாமக் கிடக்கும், நான் பார்த்திருக்கேன்.

வாலிநோக்கத்தான்

எல்லாருக்கும் நன்றி. 2 வாரம் ஆச்சு, இப்பத்தான் எழுத முடிஞ்சுது.

நாலு கட்டும் பட்டறையில பிரிச்சோம். டிரைவர் பக்கம் முன்னாடி மூணாவது பிளேட் சென்டர் போல்ட் ஓட்டைக்கிட்ட வெடிச்சிருந்தது. நான் அதோடதான் பாரம் ஏத்தி 60-ல போய்க்கிட்டு இருந்திருக்கேன். மாத்தியாச்சு. எல்லா இடத்துலயும் பழைய சாக்கிளே போட்டுட்டோம், முன்னாடியும்தான், அதனால ஆப்புக்கு வேலை இல்லை. யூ போல்ட், புஷ் எல்லாம் புதுசு. சேஸிஸ் ஒரு இடத்துல தவிர எல்லாம் கணீர்னு கேட்டுச்சு. அந்த இடத்துக்கு இரும்பு வச்சுக் கட்டினோம். வால்வுக் கம்பி பழைய நிலைக்கு வந்துடுச்சு, பின் பிரேக் பிடிக்குது.

இப்ப நாலு பக்கமும் சமமா நிக்குது. நான் சாக்கிள் போடுறதுக்கு முன்னாடி இருந்ததை விட முக்கால் இன்ச் உசரம், வெறும் வளைவு அடிச்சதுலயே. ஸ்டியரிங் கையை விட்டா தானா நேரா வருது. நடுக்கம் போச்சு.

நேத்து 16 காத்துல பனங்காட்டுக்குள்ள 6 கூடை மீனோட வந்தேன். ரெண்டு இடத்துல மட்டும் லேசா உரசுச்சு, அங்க மண்வெட்டி வச்சு மேட்டைச் சீவிட்டேன். டயர் தேய்ஞ்ச பிறகு 215 போட்டுப் பார்க்கிறேன்.

அண்ணே, யூ போல்ட் எத்தனை கிலோமீட்டர்ல திரும்ப முறுக்கணும்?

தங்கச்சிமடம் ஷெட்

முதல் 100-ல ஒருதரம், 500-ல ஒருதரம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா, குறுக்கும் நெடுக்குமா முறுக்கணும். கரைக்குப் போய்ட்டு வந்த அன்னைக்கே நல்ல தண்ணி அடிச்சுக் கழுவிடுங்க தம்பி, மறுநாள்னு வைக்காதீங்க.